கிருஷ்ணா நீரின் வழியே ஐந்து நாட் பிரயாணம்

ஹைதராபாத்தின் இரட்டை நகரமாகிய செகந்தராபாத்தில், ரயில் நிலையத்திற்குக் கிழக்கே மெட்டுகுடா என்னும் பகுதி இருக்கிறது. ரயில்வே ஊழியரின் குடியிருப்புகள் நிறைந்த இடம் அது. சற்றுத் தொலைவில் 1893-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற லாலாகுடா ரயில்வே பணிமனை உள்ளது. வாடியிலிருந்து செகந்தராபாத்துக்கு 1874-ஆம் ஆண்டில் இருப்புப் பாதை திறக்கப்பட்டது. பின்னர் 1966-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டு தென் மத்திய ரயில்வே அமைந்தது. இவ்வேலைகளின் பொருட்டுத் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிய குடும்பங்கள் பல. அக்குடும்பங்களைச் சேர்ந்த நால்வரே இங்கு ‘நாங்கள்’ என்று பேசுகிறோம்.

சென்னைக்கு நாங்கள் போய்வராத ஆண்டு இல்லை. ஆனால் எப்படிப் போய்வந்தோம்? மாலையில் வண்டி ஏறுவோம். கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை உண்டு உறங்குவோம். விழித்துப் பார்த்தால் தமிழ்ப் பெயர்ப் பலகைகள் தென்படும். இடையிலே கிடக்கும் பெரிய நாட்டை நாங்கள் உறக்கத்திலேயே கடந்து வந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வுறக்கத்தைக் கலைத்தது ஒரு கேள்வி.

எங்களுள் ஒருவரின் தமக்கையார் சென்னை வில்லிவாக்கத்தில் வாழ்கிறார். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. அந்த அம்மையார் அறுபது வயதைக் கடந்தவர். பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, தண்ணீர் லாரிக்காகத் தெருமுனையில் மணிக்கணக்காகக் காத்து நின்றார். அவ்வாண்டு ஜூலை 12-ஆம் நாள், ஜோலார்பேட்டையிலிருந்து 50 தொட்டி வாகன்களில் ஏறக்குறைய 25 லட்சம் லிட்டர் காவிரி நீரை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் வந்தது. அது வந்து நின்ற இடம் அவ்வம்மையார் வசிக்கும் வில்லிவாக்கமே. அன்று மாலை தொலைபேசியில் அவர் கேட்டார்: “தம்பி, கிருஷ்ணா நதி நீரை நீங்கள் குடிக்கிறீர்கள். எங்களுக்கும் அது உண்டென்று ஒப்பந்தம் இருக்கிறதாம். உங்கள் குழாயில் வருகிற தண்ணீர் எங்கள் குழாயில் ஏன் வரவில்லை? யார் அதைத் தடுக்கிறார்கள்?”

அதற்கு எங்களிடம் விடை இல்லை. ஆயுள் முழுவதும் ரயிலோடு பழகிய எங்களுக்கு வண்டி போகும் வழி தெரியும். தண்ணீர் போகும் வழி தெரியாது. அக்கேள்வி சில ஆண்டுகள் எங்கள் மனத்திலேயே கிடந்தது. ஒரு புரட்டாசி மாதத்தில், கிருஷ்ணா நீர் எந்த வழியாகச் சென்னைக்குச் செல்கிறதோ, இயன்றவரை அந்த வழியாகவே ரயிலிலும் பஸ்ஸிலும் சென்று பார்ப்பதென்று புறப்பட்டோம். பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரத்தில் முடியும் பிரயாணத்திற்கு ஐந்து நாட்கள் ஆயின. ஆயினும் அவை வீண் போகவில்லை.

புறப்படும் முன்னர், நாங்கள் நிற்கும் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஹைதராபாத் நகரம் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்தில், தக்காணப் பீடபூமியின்மேல் இருக்கிறது. அதன் அடியில் இருப்பது கருங்கல். இருநூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியதென்று புவியியல் அறிஞர் கூறும் பழம்பாறை. வெயிலாலும் மழையாலும் முனை மழுங்கி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வைத்தாற்போல நிற்கும் உருண்டைப் பாறைகளை இந்நகரில் இன்றும் காணலாம். இத்தகைய கல் மழைநீரை எளிதில் உள்ளே வாங்குவதில்லை. வெடிப்பு உள்ள இடத்தில் சிறிது இறங்கும், மற்றது ஓடிவிடும். அதனால்தான் இந்நாட்டை ஆண்டவர்கள் பள்ளம் கண்ட இடமெல்லாம் கரை கட்டி ஏரி அமைத்தார்கள். ஹுசைன் சாகர் 16-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 1908-ஆம் ஆண்டில் மூசி நதி பெருகி நகரை அழித்த பின்னர், 1920-களில் உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் வெள்ளத்தைத் தடுக்கவும் குடிநீர் தரவும் பயன்பாட்டுக்கு வந்தன. நகரம் பெருத்ததும் அவையும் போதவில்லை. 2004-ஆம் ஆண்டு முதல், நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நாகார்ஜுன சாகரத்திலிருந்து கிருஷ்ணா நீர் இயந்திரங்களால் ஏற்றப்பட்டு ஹைதராபாத்துக்கு வருகிறது. ஆகவே எங்கள் குழாய் நீரும் தொலைவிலிருந்து வரும் விருந்தாளியே என்பதை முதலில் உணர்ந்தோம்.

முதல் நாள் விடியற்காலையில் மெட்டுகுடா மெட்ரோ நிலையத்தில் வண்டி ஏறினோம். இந்நிலையம் 2017-ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்டது. பரேட் கிரவுண்டில் வேறு வண்டிக்கு மாறி, மகாத்மா காந்தி பஸ் நிலையத்தை அடைந்து, ஸ்ரீசைலம் செல்லும் பஸ்ஸில் அமர்ந்தோம். ஸ்ரீசைலத்துக்கு ரயில் இல்லை. இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட சாலைதான் வழி.

நகரத்தைத் தாண்டியதும் செம்மண் நிலம் விரிகிறது. பருத்தி, சோளம், துவரை ஆகியவை மழையை நம்பி நிற்கின்றன. பனைமரங்களும் பாறைக் குன்றுகளும் மாறி மாறி வருகின்றன. இவ்வாறு சில மணி நேரம் சென்றபின், மன்னனூர் என்னுமிடத்தில் வனத்துறையின் சோதனைச் சாவடி குறுக்கிடுகிறது. அதற்கப்பால் நல்லமலைக் காடு. இரவு ஒன்பது மணிக்குமேல் காலை ஆறு மணி வரையில் இக்காட்டுச் சாலையில் வாகனங்களை விடுவதில்லை. ஏனெனில் இது புலிகளின் இருப்பிடம். நாகார்ஜுன சாகர்–ஸ்ரீசைலம் புலிகள் காப்பகமும், தெலங்கானா மாநிலம் 2014-இல் பிரிந்தபின் தனியான அம்ராபாத் காப்பகமும் கிருஷ்ணையின் இரு கரைகளிலும் பரந்துள்ளன. தேக்கும் மருதும் மூங்கிலும் அடர்ந்த இக்காட்டில் செஞ்சு மக்கள் தொன்றுதொட்டு வாழ்ந்து, தேனும் கிழங்கும் திரட்டி வருகின்றனர்.

அரை மணி நேரத்துக்கு முன்பு செம்மண் வயல், இப்போது பெருங்காடு. ஏன் இந்த மாற்றம்? காரணம் காலடியிலே இருக்கிறது. கருங்கல் நாடு முடிந்து, படிவுப் பாறைகளின் நாடு தொடங்குகிறது. பழங்காலத்தில் இங்கே ஆழமற்ற கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த மணலும் சேறும் சுண்ணாம்பும் இறுகிக் கல்லாகி, கடப்பைப் பள்ளத்தாக்கு என்று அறிஞர் குறிப்பிடும் பெரும்பரப்பாயின. மணல் இறுகியது குவார்ட்சைட் என்னும் கடினப் பாறை. அது உயர்ந்து மலையாக நிற்கிறது. ஏர் இறங்காத மேடுகளாகையால் அங்கே உழவர் குடியேறவில்லை, காடு பிழைத்துக்கொண்டது.

ஸ்ரீசைலத்தில் அம்மலையை அறுத்துக்கொண்டு கிருஷ்ணா ஆழ்ந்த பள்ளத்தில் ஓடுகிறது. மல்லிகார்ஜுனர் கோயிலிலிருந்து நதிக்கு இறங்கும் துறைக்குப் பாதாள கங்கை என்று பெயர் வைத்தார்களே, அப்பெயரின் பொருத்தத்தை அங்கே நின்று பார்ப்பவர்தாம் அறிவார். அப்பள்ளத்தை அடைத்து, 512 மீட்டர் நீளமும் 145 மீட்டர் உயரமும் உடைய அணை எழுப்பப்பட்டு, 1980-களில் பயனுக்கு வந்தது. நாங்கள் சென்றபோது பன்னிரண்டு மதகுகளில் சில திறந்திருந்தன. எழுந்த நீர்த்திவலை எங்கள் முகத்தை நனைத்தது.

அந்தக் காட்சியில் மயங்கி நின்ற எங்களுக்கு, அருகில் நின்ற ஒரு முதியவர் வேறொன்றைக் காட்டினார். “இந்த நீருக்கு அடியில் எங்கள் ஊர் இருக்கிறது” என்றார் அவர் தெலுங்கில். உண்மைதான். இவ்வணைக்காக நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்கள் மூழ்கின. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் இடம் பெயர்ந்தனர். கோடையில் நீர் வற்றும்போது சங்கமேஸ்வரம் கோயில் நீருக்குமேல் தலை தூக்குகிறது. மழைக்காலத்தில் மீண்டும் மறைகிறது. மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. தொடக்கத்தில் இந்நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 308 டி.எம்.சி. இன்று அது 215 டி.எம்.சி. அளவே. மேற்கே மண்ணரிப்பால் வரும் வண்டல் நீரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. லிட்டரில் சொன்னால் ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர். ஆகவே நதி நிரம்பி ஓடும் ஆண்டிலும், தேக்கி வைக்கக்கூடிய நீர் முன்னைவிடக் குறைவு.

சென்னைக்குரிய நீர் அணையின் மதகு வழியாகச் செல்வதில்லை. அணைக்கு மேற்கே, நீர்த்தேக்கத்தின் கரையில் போத்திரெட்டிப்பாடு என்னுமிடத்தில் தனி மதகு ஒன்று உண்டு. தேக்கத்தின் மட்டம் போதிய உயரத்தில் நின்றால்தான் அதில் நீர் புகும். மேற்கு மலைத்தொடரில் மழை குறைந்து, மஹாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் உள்ள அணைகள் நிரம்பத் தாமதமானால், ஸ்ரீசைலம் நிரம்பவும் தாமதமாகும். சென்னையின் குழாய்க்கும் மஹாபலேஸ்வரத்து மழைக்கும் இப்படி ஓர் உறவு இருப்பதை நாங்கள் அங்கேதான் தெரிந்துகொண்டோம்.

இரண்டாம் நாள், தோர்நாலா வழியாகச் சுற்றி நல்லமலையை மீண்டும் ஊடுருவி ஆத்மகூர் சென்றோம். பஸ் வளைந்து வளைந்து இறங்கிற்று. மலையை விட்டு வெளியே வந்ததும் நிலத்தின் நிறமே வேறு. மை பூசினாற்போன்ற கரிசல். நெல்லும் பருத்தியும் கொண்டைக்கடலையும் விளையும் குந்தேறு நதியின் பள்ளத்தாக்கு இது. வழியில் வெலுகோடு நீர்த்தேக்கத்தின் கரை தெரிந்தது. போத்திரெட்டிப்பாட்டில் புறப்பட்ட நீர் முதலில் வந்து தங்கும் பெரிய இடம் இதுவே. ஏறக்குறைய 17 டி.எம்.சி. கொள்ளும்.

அங்கே கால்வாய்க் கரையில், மதகைக் காக்கும் லஸ்கர் ஒருவரோடு பேசினோம். சென்னையிலிருந்தா வருகிறீர்கள் என்று கேட்டார். சென்னைக்குப் போகிறோம் என்றோம். அவர் சிரித்து, “இந்தத் தண்ணீரும் அங்கேதான் போகிறது. ஆனால் வழியில் இதற்குச் சொந்தக்காரர் அதிகம்” என்றார். கரையின் இருபுறமும் நோக்கினோம். ஒரு புறத்தில் பச்சை வயல். மற்றொரு புறத்தில் மழையை எதிர்நோக்கி வெடித்துக் கிடக்கும் கரிசல். எந்த நிலத்துக்கு நீர் கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை என்பதை ஒரு குழந்தையும் சொல்லிவிடும்.

அன்றிரவு நந்தியாலில் தங்கினோம். அவ்வூரில் ஓடும் கர்நூல்–கடப்பைக் கால்வாய் 1860-களில், பாசனத்துக்கு மட்டுமின்றிப் படகுப் போக்குவரத்துக்கும் என்று ஆங்கிலேயக் கம்பெனி ஒன்றால் வெட்டப்பட்டது. எதிர்பார்த்த இலாபம் கிட்டாமையால் அதைப் பின்னர் அரசாங்கமே வாங்கிக்கொண்டது. ரயில் வந்தபின் படகுகள் மறைந்தன, பாசனம் நிலைத்தது. நாங்கள் அன்று உண்ட நந்தியால் சோனா அரிசிச் சோறு இத்தகைய கால்வாய்களின் கொடை.

மூன்றாம் நாள் ரயில். நந்தியாலிலிருந்து எர்ரகுண்ட்லா வரை 123 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை 2016-ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. வண்டிகள் மிகச் சில. பயணிகளில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்து ஊரார். மாம்பழத்தால் பெயர் பெற்ற பங்கனப்பள்ளி இவ்வழியில் ஒரு நிலையம். சன்னலுக்கு வெளியே வேலிகளைக் கவனித்தோம். முள்ளோ கம்பியோ அல்ல. பலகை பலகையாக நட்ட கல். வீட்டுச் சுவரும் அக்கல்லே; திண்ணையும் அக்கல்லே. நம் தமிழ்நாட்டு வீடுகளின் சமையலறை மேடைக்குப் போடுகிறோமே, அந்தக் கடப்பைக் கல்தான் அது! நம் இல்லங்களில் நாள்தோறும் கைபடும் பொருள் எந்த நிலத்தின் உறுப்பு என்பதை அன்றுதான் கண்டோம்.

இக்கல் சுண்ணாம்புக் கல். கருங்கல்லைப் போலன்றி இது நீரில் மெல்லக் கரையும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைக் கலந்துகொண்டு சற்றே புளிப்புத்தன்மை பெறுகிறது; வெடிப்புகளின் வழியே இறங்கி, கல்லை அரித்து, நிலத்தடியில் வழி செய்துகொள்கிறது. இந்நாட்டின் ஒரு பகுதியில் பேலம் குகைகள் உள்ளன. 1884-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் புவியியலாளர் குறித்துவைத்த அக்குகைகள் 3,229 மீட்டர் நீளம் உடையன. நீர் அரித்த மண்டபங்கள் அவை. ஆகவே இங்கே வெட்டும் குளமும் கால்வாயும் அடியில் கசியும் என்பதை எதிர்பார்க்க வேண்டும். நீருக்கு நிலம் போடும் வரி இது.

ஜம்மலமடுகில் இறங்கி, பதினைந்து கிலோமீட்டர் சாலை வழியே கண்டிக்கோட்டை சேர்ந்தோம். அங்கே பெண்ணையாறு (நம்மவர் வடபெண்ணை என்று வழங்குவது) எர்ரமலைத் தொடரைப் பிளந்துகொண்டு ஓடுகிறது. செந்நிறக் கற்பாறைகள் இருபுறமும் செங்குத்தாக நிற்க, ஏறத்தாழ நூறு மீட்டர் ஆழத்தில் நீர் தெரிகிறது. பாறையின் விளிம்பில் அமர்ந்து கீழே பார்த்தபோது எங்களுள் எவரும் பேசவில்லை. இங்குள்ள கோட்டையைப் பெம்மசானி நாயக்கர்கள் ஆண்டனர். 1650-இல் கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா அதைக் கைப்பற்றினார். பிரெஞ்சு வைர வணிகர் தவர்னியே 1652-இல் அவரைக் காண இங்கு வந்தார். பள்ளத்தாக்கிற்கு மேற்புறம் இன்று கண்டிக்கோட்டை நீர்த்தேக்கம் இருக்கிறது. மலையைக் குடைந்த சுரங்கக் கால்வாய் வழியாக அதற்கும் கிருஷ்ணா நீர் வருகிறது. அதற்காகவும் சில ஊர்கள் நீருக்குள் போயின.

கண்டிக்கோட்டையில் சூரியன் சாயும் வேளையில் நாங்கள் ஒரு கணக்குப் போட்டோம். கடப்பை மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். சென்னையில் ஏறத்தாழ 1,400. அதாவது, இருமடங்கு மழை பெறும் ஊருக்கு, பாதி மழை பெறும் நாட்டின் ஊடே நீர் கொண்டுபோகப்படுகிறது! வறண்ட வயலின் ஓரமாக நிறைந்த கால்வாய் ஓடும்போது, அதன் கரையில் நிற்கும் உழவரின் மனநிலை எப்படி இருக்கும்? இரவில் ஒரு மோட்டாரை இறக்கி நீர் எடுக்கத் தோன்றினால், அதைத் தவறென்று சட்டம் சொல்லும். வியப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். தமக்கையாரின் கேள்விக்குரிய விடையில் ஒரு பாதி எங்களுக்கு இங்கே கிடைத்தது.

நான்காம் நாள் முழுவதும் ரயிலிலேயே கழிந்தது. எர்ரகுண்ட்லாவில் மும்பை–சென்னைப் பெரும்பாதையை அடைந்தோம். அரக்கோணத்திலிருந்து வடமேற்கே சென்ற இப்பாதை 1871-இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பக்கத்துப் பாதையோடு இணைந்தது. சிமெண்டு ஆலைகளின் புகைபோக்கிகளைக் கடந்து கடப்பை வந்தது. இதற்கு வடக்கே, வெலுகோட்டிலிருந்து வரும் கால்வாய் கிருஷ்ணா நீரைப் பெண்ணையாற்றில் விடுகிறது. ஆறு அதைச் சுமந்து கிழக்கு மலைத்தொடரைக் கடந்து சோமசிலா நீர்த்தேக்கத்தில் சேர்க்கிறது. அங்கிருந்து அது கண்டலேறுவுக்குப் போகிறது. ரயிலோ தெற்கே திரும்புகிறது. எனவே நாங்கள் நீரிடம் அங்கே விடைபெற்று, மறுநாள் தமிழ்நாட்டில் சந்திப்பதாகக் கருதிக்கொண்டோம்.

நந்தலூரில் செய்யேறு நதியின் அகன்ற மணற்பரப்பு தெரிந்தது. அன்று அது அமைதியாகவே கிடந்தது. ஆனால் 2021 நவம்பர் 19-ஆம் நாள் பெருமழையில் மேலே இருந்த அன்னமய்யா அணையின் மண்கரை உடைந்து, வெள்ளம் கரையோர ஊர்களில் புகுந்து பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. இப்பகுதியில் இருப்புப் பாதையும் அரித்துச் செல்லப்பட்டது. வறட்சி நாடு என்று நாம் சொல்லும் நாட்டில் ஒரே இரவில் வெள்ளத்தால் மக்கள் மடிந்தனர். மழையின் மொத்த அளவைக்காட்டிலும், அது எப்போது, எத்தனை விரைவில் பெய்கிறது என்பது முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ராஜம்பேட்டையையும் கோடூரையும் தாண்டினால் வாழையும் மாவும் பப்பாளியும் மலையடிவாரத்தைப் பசுமையாக்குகின்றன. வலப்பக்கம் சேஷாசலம் மலை. உலகில் இயற்கையாக இப்பக்கத்து மலைகளிலன்றி வேறெங்கும் வளராத செம்மரம் அங்கே நிற்கிறது. ரேணிகுண்டா, புத்தூர் கடந்தபின் காற்றில் ஈரம் கூடுகிறது. திருத்தணி வந்ததும் பலகையில் தமிழ். நிலைய மேடையில் தமிழ். அரக்கோணத்திலிருந்து சென்னை நோக்கிய பாதை 1856-இல் தென்னிந்தியாவில் முதன்முதல் திறக்கப்பட்ட இருப்புப் பாதையின் பகுதி. பாறை எங்கே போயிற்று என்று தேடும்படி நிலம் சமதளமாகிவிட்டது. மாலையில் திருவள்ளூரில் இறங்கினோம்.

ஐந்தாம் நாள் காலை, பஸ்ஸில் பூண்டிக்கும், அங்கிருந்து ஊத்துக்கோட்டைக்கும் சென்றோம். கண்டலேறுவிலிருந்து 152 கிலோமீட்டர் ஆந்திரப் பகுதியில் ஓடிவரும் கால்வாய் ஊத்துக்கோட்டைக்கு அருகே எல்லையைக் கடந்து, மேலும் 25 கிலோமீட்டர் ஓடிப் பூண்டி ஏரியை அடைகிறது. கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வேரிக்கு, சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி அவர்களின் பெயர் வழங்குகிறது.

எல்லைக் கால்வாயில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. வேகமில்லை, கலங்கலும் இல்லை. ஸ்ரீசைலத்தில் எங்கள் முகத்தில் தெறித்த நதியா இது என்று நம்புவதற்குக் கடினமாயிருந்தது. நானூறு கிலோமீட்டருக்குக் குறையாத வழியை அது கடந்து வந்திருக்கிறது. 1976-இல் மஹாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் தத்தம் பங்கிலிருந்து 5 டி.எம்.சி. வீதம் மொத்தம் 15 டி.எம்.சி. சென்னைக்குத் தர இசைந்தன. 1983-இல் ஆந்திரமும் தமிழ்நாடும் ஒப்பந்தம் செய்து பணி தொடங்கின. 1996-இல் முதன்முதலாக நீர் எல்லையைத் தொட்டது. 15 டி.எம்.சி.யில் 3 வழியில் ஆவியாகுமென்று ஒப்பந்தமே ஒதுக்கிவிட்டது; எல்லையில் வரவேண்டியது 12. கரைகள் மண்ணாயிருந்தமையால் தொடக்க ஆண்டுகளில் மிகச் சிறிதளவே வந்தது. பின்னர் 2002 முதல் 2004 வரை ஸ்ரீ சத்ய சாயி அறக்கட்டளையின் பொருளுதவியால் கால்வாய் செப்பனிடப்பட்டது, வரத்து உயர்ந்தது. எனினும் பெரும்பாலான ஆண்டுகளில் 12 முழுமையாக வரவில்லை.

அன்று பிற்பகல் திருவள்ளூரில் மின்சார ரயில் ஏறி வில்லிவாக்கத்தில் இறங்கினோம். தமக்கையார் வாசலில் காத்திருந்தார். காபி கொடுத்துவிட்டு, “என்ன தம்பி, தடுப்பவர் யாரென்று தெரிந்ததா?” என்று கேட்டார்.

தெரிந்ததைச் சொன்னோம். தடுப்பவர் என்று ஒருவர் இல்லை, அக்கா. மேற்கே மழை தாமதித்தால் மதகு எட்டாது. அணையில் வண்டல் இடம் பிடித்திருக்கிறது. சுண்ணாம்புக்கல் கசியவிடுகிறது, வெயில் குடிக்கிறது. உங்கள் ஊரில் பெய்வதில் பாதியே பெய்யும் ஊரின் உழவர் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறார். ஊரையே நீருக்குக் கொடுத்துவிட்டு ஒருவர் அணைக்கரையில் நிற்கிறார். இத்தனை பேரைக் கடந்து ஒரு குடம் நீர் உங்கள் வீட்டுக்கு வந்தால், அது கடன் தீர்த்ததாகாது. நன்றிக்குரிய கொடை என்றே கொள்ள வேண்டும்.

அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “அப்படியானால் இங்கே பெய்கிற மழை எங்கே போகிறது?” என்றார். அதுதான் சரியான கேள்வி. 2015 டிசம்பரில் இதே சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. நான்கே ஆண்டுகளில் ரயிலில் தண்ணீர் வரவழைத்தது. அப்பெருமழையைத் தாங்கி வைத்திருக்க வேண்டிய ஏரிகளும் தாங்கல்களும் பல வீட்டு மனைகளாகிவிட்டன. வீராணம் ஏரி நீரும், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களும் இன்று நகருக்கு உதவுகின்றன. ஆயினும் அவற்றுக்கும் எல்லையுண்டு, செலவுண்டு. வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு அமைக்க வேண்டுமென்று 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அமைத்தவர் பலர்; அதன்பின் குழாயைத் துப்புரவு செய்தவர் எத்தனை பேர்?

தமக்கையார் எங்களைக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு பழைய கிணறு, பல ஆண்டுகளாகப் பயனின்றி மூடப்பட்டிருந்தது. மூடியிருந்தது இரண்டு கடப்பைக் கற்கள். நாங்கள் நால்வரும் சேர்ந்து ஒரு கல்லை நகர்த்தினோம். அடியில் தூசியும் சருகும் கிடந்தன. மொட்டைமாடி நீர் இறங்கும் குழாய் அக்கிணற்றிலிருந்து நான்கு முழத் தூரத்தில், தெருச் சாக்கடையை நோக்கித் திரும்பியிருந்தது. ஐப்பசி மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மறுநாள் காலை தூர் எடுக்க ஆள் சொல்லி, குழாயைத் திருப்பக் கொத்தனாரையும் வரச் சொல்லிவிட்டு, மாலை வண்டியில் நாங்கள் மெட்டுகுடா திரும்பினோம். இம்முறை வண்டியில் நெடுநேரம் எவரும் உறங்கவில்லை.